தினமும் பெயின் கில்லர் போட்டு வேலைக்குப் போறீங்களா? சேலம், நாமக்கல்லின் தீராத வலியும் தீர்வும்

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் முன்னால் பத்து நிமிஷம் நின்றால் போதும். "அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்ற குரல் கண்டிப்பாகக் கேட்கும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. நாலைந்து மாத்திரைகளை ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. டீயைக் குடித்து மாத்திரையைப் போட்டால் அன்றைய ஷிப்ட் ஓடிவிடும். மறுநாளும் அதே வலி, அதே கவர்.

இந்தப் பழக்கத்தின் மேல் இப்போது அரசின் பார்வையும் விழுந்திருக்கிறது. 2025 டிசம்பர் இறுதியில், 100 மில்லிகிராமுக்கு மேல் நிமெசுலைடு உள்ள, வாய்வழி உட்கொள்ளும் சாதாரண வகை மருந்துகளைத் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு தடை விதித்தது. இந்தியாவில் அதிகம் புழங்கும் வலி மாத்திரைகளில் அதுவும் ஒன்று. இன்னொரு பக்கம், சில வலி மாத்திரைகள் போதைக்காக விற்கப்படுவதாக போலீஸ் தொடர்ந்து நடவடிக்கை எடுத்து வருகிறது.

இதற்கு நடுவில் உண்மையாகவே வலியோடு வாழும் தறித் தொழிலாளியும் லாரி டிரைவரும் என்ன செய்வது? எளிமையாகப் பார்க்கலாம்.

எதை நாள்பட்ட வலி என்கிறார்கள்?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது விட்டு விட்டு மூன்று மாதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வலி. இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட வலி என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 11-வது சர்வதேச நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. அதாவது இது இன்னொரு நோயின் அறிகுறியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சில நேரங்களில் வலியே ஒரு நோய்.

இதில் இடுப்பு, முதுகு வலிக்குத்தான் முதலிடம். 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடி பேர் கீழ் முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 13 பேரில் ஒருவர். 2050-ல் இது 84.3 கோடியாகும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

இந்தச் சமவெளியின் பிழைப்பைப் பட்டியல் போட்டாலே பதில் கிடைத்துவிடும்.

விசைத்தறியில் மணிக்கணக்காக நின்றே வேலை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்க வேண்டும். அறுந்த இழையைக் குனிந்து முடிய வேண்டும், பாவு உருளையைத் தூக்கி ஏற்ற வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்களுக்கு வேலை நேர் எதிர். நாள் கணக்கில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆனால் வண்டியின் அதிர்வு முழுக்க முதுகெலும்பில்தான் இறங்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வடமாநிலம் வரை போகிறவர்களுக்கு அதிர்வும் உண்டு, இரும்புக் குழாய் தூக்குவதும் உண்டு.

சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சம்மணம் போட்டு, கழுத்தைக் குனிந்தபடி நாள் முழுக்கப் பற்றவைப்பு வேலை. ஜவ்வரிசி ஆலையில் மூட்டை. கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளுவதும் முட்டை பொறுக்குவதும். வேலை வேறு வேறாக இருந்தாலும் வலி வருகிற இடங்கள் கழுத்து, இடுப்பு, முழங்கால், தோள்பட்டை என்று அதே நாலுதான்.

இதோடு தண்ணீரும் சேர்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியை ஒட்டிய இந்தப் பகுதியில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் பல்லில் கறை படியலாம். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு விறைத்துப் போகலாம். இந்தப் பிரச்சினைக்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. போர்வெல் தண்ணீரையே பல வருஷம் குடித்து வந்தவருக்கு மூட்டு இறுக்கம் இருந்தால், அந்த விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்றாங்க, ஆனா வலிக்குதே?'

நாள்பட்ட வலி உள்ளவர்கள் அதிகம் புலம்புவது இதைத்தான். வீட்டிலும் "சும்மா சொல்றான், வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்று பேசிவிடுவார்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். அடிபட்டால் வலிப்பது உடம்பின் எச்சரிக்கை மணி. காயம் ஆறியதும் மணி நிற்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் வலி தொடர்ந்தால் நரம்பு மண்டலமே அதற்குப் பழகி, கூர்மையாகிவிடும். கோயில் திருவிழா மைக் செட்டில் வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டால் மெதுவாகப் பேசினாலும் அலறும் இல்லையா, அப்படித்தான். சாதாரணமாகக் குனிவதுகூட மூளைக்குப் பெரிய வலியாகப் போய்ச் சேரும். தூக்கக் குறைவு, கடன் கவலை, மனச்சோர்வு எல்லாம் அந்த வால்யூமை இன்னும் கூட்டும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி பொய் ஆகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு முதுகுத் தட்டுத் தேய்மானம் தெரியும். அதனால் "டிஸ்க் தேஞ்சு போச்சு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று படுத்துவிட வேண்டியதில்லை.

அந்தக் கவரில் என்னதான் இருக்கிறது?

பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நிமெசுலைடு போன்ற வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை ஒன்று. கூடவே தசையைத் தளர்த்தும் மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கு ஒரு மாத்திரை. சில இடங்களில் ஸ்டீராய்டும் சேரும். ஸ்டீராய்டு சேர்ந்த செட்டுதான் உடனே 'ஜம்முனு' கேட்கும். அதனாலேயே அந்தக் கடைக்குக் கூட்டமும் சேரும். மூலிகைப் பொடி, லேகியம் என்ற பெயரில் விற்கும் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலக்கப்படுவதாக டாக்டர்கள் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள்.

டாக்டர் சொல்லி நாலைந்து நாள் போடுவதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வராது. வருஷக்கணக்கில் தினமும் போடும்போதுதான் பிரச்சினை. முதலில் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்தது ரத்த அழுத்தம் கூடுவது. மூன்றாவது சிறுநீரகம். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வெயிலில், தறிப் பட்டறைப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்காத ஆளுக்கு ஆபத்து இரட்டிப்பு.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சில வகை பிரஷர் மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, அதோடு வலி மாத்திரை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் வாய்ப்பு உண்டு. மெடிக்கலில் செட்டு வாங்கும்போது இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

பாராசிட்டமால் இவற்றோடு ஒப்பிட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானது. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதைத் தாண்டவே கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் பிரச்சினையோ இருந்தால் எல்லை இன்னும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள்: யாரும் பேசாத ஆபத்து

2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் வறுமையைப் பயன்படுத்தி சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்ட விவகாரம் தமிழ்நாட்டையே அதிர வைத்தது. அரசு விசாரணை நடத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. புரோக்கர், பணம், மருத்துவமனை என்று செய்தி முழுக்க அந்தப் பக்கமே சுற்றியது.

சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் பிழைக்க மறுபடியும் தறிக்குத்தான் வர வேண்டும். மறுபடியும் அதே நின்ற வேலை, அதே இடுப்பு வலி, அதே செட்டு மாத்திரை. ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இருக்கிற ஒன்றும் பழுதானால் டயாலிசிஸ்தான்.

இதில் இன்னொரு சிக்கல், இந்த விஷயத்தை வெளியில் சொல்லவே பயம். போலீஸ் கேஸ் ஆகுமோ, ஊரில் என்ன பேசுவார்களோ என்று டாக்டரிடமே மறைத்துவிடுகிறார்கள். மறைத்தால் டாக்டர் எழுதும் மாத்திரையே ஆபத்தாகலாம். முழுக் கதையையும் சொல்லத் தயக்கமாக இருந்தால், "எனக்கு ஒரு கிட்னிதான் இருக்கு" என்ற ஒரு வாக்கியம் போதும். சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்குத் தேவைப்படும் தகவல் அதுதான்.

அரசு எதற்கெல்லாம் கடிவாளம் போட்டிருக்கிறது?

நிமெசுலைடு கல்லீரலைப் பாதிக்கும் என்ற கவலை புதிது இல்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க 2011-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. 2025 இறுதியில் வந்தது பெரியவர்களுக்கான அதிக டோஸ் மீதான தடை.

மாதவிடாய் வலிக்கும் மூட்டு வலிக்கும் பலரும் தாங்களாகவே வாங்கிப் போடும் மெஃபெனமிக் அமிலம் பற்றியும் எச்சரிக்கை வந்திருக்கிறது. அரிதாக, தோல் தடிப்பு, காய்ச்சலோடு உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் தீவிர ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் கூறியது.

டிரமடால் மாத்திரை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டாபென்டடாலையும் கேரிசோப்ரடாலையும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே இளைஞர்களைச் சீரழிப்பது 2025 பிப்ரவரியில் பிபிசி புலனாய்வில் வெளியானது. அதைத் தொடர்ந்து அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை போட்டது. தமிழ்நாட்டிலும் டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் விபரீதம் பல மாவட்டங்களில் பிடிபட்டிருக்கிறது. மாத்திரையை அப்படி ஏற்றினால் ரத்தக்குழாய் அடைப்பு, கிருமித் தொற்று, உயிரிழப்பு வரை போகும்.

கெடுபிடி தேவைதான். ஆனால் அதன் இன்னொரு முனை புற்றுநோயாளியின் மேல் விழக்கூடாது. கடுமையான புற்றுநோய் வலிக்கு இன்றைக்கும் முக்கியமான மருந்து மார்ஃபின்தான். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. அபினைச் சட்டப்படி பயிரிடும் நாட்டிலேயே நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காத நிலை. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என வகைப்படுத்தப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் பல லைசென்ஸ்களுக்கு அலையாமல் அவற்றை வாங்கி வைக்க வழி பிறந்தது. ஆனாலும் பயிற்சி பெற்ற டாக்டரும், எழுதிக் கொடுக்கும் தைரியமும் இன்னும் எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை.

பக்கத்துக் கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோர் தொடங்கிய வலி நிவாரண மையம் பின்னாளில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2008-ல் அங்கே இதற்கென்று தனிக் கொள்கையே வந்தது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் செவிலியரும் வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்க்கும் முறை அது.

அப்போ சரியான சிகிச்சை எது?

2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பரிந்துரைக்கப்பட்டவை: வலி எப்படி வருகிறது என்று நோயாளிக்குப் புரிய வைப்பது, உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில உடல்வழி சிகிச்சைகள், மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் வலி மருந்து.

இதைவிட முக்கியம், எவையெல்லாம் வழக்கமாக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்பது. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை, ஓபியாய்டு வகை மாத்திரை, தசை தளர்த்தி மாத்திரை, ஸ்டீராய்டு. அதாவது அந்தக் காகிதக் கவரில் இருப்பதில் பாதியும், கடையில் தொங்கும் பெல்ட்டும் 'வேண்டாம்' பட்டியலில்தான் இருக்கின்றன.

உடற்பயிற்சி என்றதும் "நாள் முழுக்க உழைக்கிற எனக்கு இன்னும் என்ன எக்சர்சைஸ்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் ஒரே தசை திரும்பத் திரும்பத் தேய்கிறது. பயிற்சியில், வேலையில் பயன்படாத வயிறு, முதுகு, தொடைத் தசைகளுக்கு வலு ஏற்றப்படுகிறது. தினம் 15 நிமிஷத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். வலி குறைந்த நாளில் ஒரேயடியாக எல்லா வேலையையும் செய்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. நல்ல நாளிலும் கொஞ்சம், கெட்ட நாளிலும் கொஞ்சம் என்று சீராகச் செய்வதுதான் பலன் தரும்.

நரம்பு வலி வேறு கதை. சர்க்கரை நோயாளிக்குக் காலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி இருந்தால் டைக்ளோஃபெனாக் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் போன்றவை வேறு விதத்தில் வேலை செய்யும். இவற்றில் சில மனச்சோர்வுக்கும், சில வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை. "எனக்கு பைத்தியத்துக்கு மாத்திரை குடுத்துட்டாங்க" என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. நரம்பின் வால்யூமைக் குறைப்பதுதான் இங்கே அவற்றின் வேலை. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுபவர், தறி ஓட்டுபவர் தங்கள் வேலையை டாக்டரிடம் சொல்லி வாங்க வேண்டும்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

முதல் படி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே செலவு இல்லை. கிரியாட்டினின், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பார்த்துவிட்டால் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துவிடும். அடுத்த கட்டத்துக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். இயன்முறை மருத்துவமும், படுத்த படுக்கையானவர்களுக்கான நோய் ஆதரவு சேவையும் அதில் சேர்த்தி. நடக்க முடியாத அப்பாவுக்கோ புற்றுநோய் வலியில் இருக்கும் பாட்டிக்கோ இந்தச் சேவை வேண்டும் என்றால், ஊரில் மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேட்கலாம். விவரங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம். வலியோடு மனச்சோர்வும் சேர்ந்து அழுத்தினால் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரி?

• முதுகு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது
• கால் பலம் குறைந்து இழுத்துக்கொண்டு நடப்பது
• காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவோடு முதுகு வலி
• ஏற்கெனவே புற்றுநோய் அல்லது காசநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி
• கீழே விழுந்தபின் தீராத வலி
• வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கறுப்பு மலம், ரத்த வாந்தி, சிறுநீர் குறைவது, முகம் கால் வீங்குவது

மாத்திரையோடு முடிகிற விஷயமா இது?

இல்லை. வலி மாத்திரை ஒரு வகையில் ஓனருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. லீவு போட்டால் கூலி இல்லை. அதனால் மாத்திரை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொதுவாக இ.எஸ்.ஐ. வரும். வீட்டோடு நாலு தறி, ஆறு தறி போட்டிருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கு அது எட்டாது. சொந்த லாரியை ஓட்டும் டிரைவருக்கும் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் ஓய்வெடுத்தால் அந்த வாரத்துக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், "மாத்திரை போடாதீங்க" என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரைதான்.

வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் கவனம் முக்கியமாக பிரஷர், சர்க்கரை மேல். அதே செவிலியர், அதே நோட்டில் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: "மூணு மாசத்துக்கு மேல எங்கயாவது வலி இருக்கா? அதுக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" இதற்குப் பெரிய செலவு ஆகாது. சிறுநீரகம் பழுதாகும் முன்பே ஆளைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு கேள்விகள் உதவும்.

அதுவரைக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெடிக்கலில் வாங்கும் மாத்திரையின் பெயரை அட்டையோடு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் உதிரியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த போட்டோவைக் காட்டி, "இதைத்தான் இத்தனை மாசமா போடுறேன்" என்று சொல்லுங்கள். சிகிச்சையை அங்கிருந்து தொடங்கலாம்.